மாத்திரையை நிறுத்தியது யார்

லிஃப்ட் மெக்கானிக்கின் ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டரம்மா இரண்டு மருந்துகளைச் சேர்த்தே எழுதியிருந்தார். மெக்கானிக்கின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, புற்றைத் தேடித் தாக்கும்படி ஆய்வகத்தில் மாற்றி, ஐந்து வாரம் கழித்து அவர் உடம்பிலேயே ஏற்றுவது ஒன்று. அதுவரைக்கும் அதன் பிறகும் தினம் ஒரு மாத்திரை இன்னொன்று.

"மாத்திரை நோயை அடக்கி வைக்கும், செல்லுக்கும் தெம்பு கொடுக்கும். ஒரு நாள்கூட விட்டுடாதீங்க" என்று மெக்கானிக்கின் மனைவியிடம் அழுத்திச் சொன்னார்.

மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். செல்களை எடுத்து அனுப்பிய மறுவாரம் மருந்து கவுன்டருக்குப் போனாள்.

"இதை நிறுத்தியாச்சும்மா. அதான் செல் சிகிச்சைக்கு ஒப்புதல் ஆயிடுச்சே" என்றார் மருந்தாளுநர்.

மாத்திரை கட்டாயம் வேண்டும் என்று, மருந்துச் செலவுக்கு அனுமதி தரும் ஒப்புதல் பிரிவுக்கு டாக்டரம்மா கடிதம் எழுதினார். கடிதம் மேசை மேசையாக உலாவியது. ஒன்பது நாளில் மெக்கானிக்கின் கழுத்தில் அடங்கிக் கிடந்த கட்டிகள் மறுபடி புடைத்து, சட்டையின் மேல் பட்டனைப் போட முடியாமல் போனது.

பத்தாம் நாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, சீருடையிலேயே ஒப்புதல் பிரிவுக்குப் போய் நின்றாள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார் அதிகாரி. "ஒரே நோய்க்கு ரெண்டு வைத்தியம் எதுக்கும்மா?"

"லிஃப்டுக்குக் கயிறும் இருக்கு, பிரேக்கும் இருக்கு. ஒண்ணு போதும்னு இன்னொண்ணைக் கழட்டிட்டா நீங்க ஏறுவீங்களா சார்?"

"விதிமுறைப்படி…"

"டாக்டர் எழுதினதை அடிச்சது விதிமுறையா, உங்க பேனாவா? சரி, நான்தான் நிறுத்தினேன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போயிடறேன்."

டாக்டரம்மா கடிதத்தின் நகலை அவர் முன்னால் வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நீங்க உக்காருங்க, பாக்கறேன்."

"உக்கார வரல. மாத்திரைக்கு வந்தேன்."

மத்தியானமே மாத்திரை கிடைத்தது. ஆனால் கட்டி வற்றாமல் ஏற்ற முடியாது என்பதால், தயாராகி வந்த செல்கள் மூன்று வாரம் உறைநிலையில் காத்துக் கிடந்தன.

"அதான் கிடைச்சிடுச்சுல்ல, விடேன்" என்றார் கணவர்.

"உங்க கழுத்தை ஒரு தடவை கண்ணாடியில பாத்துட்டுச் சொல்லுங்க."

செல்களை ஏற்றினார்கள். நான்கு நாள் காய்ச்சல் வாட்டி எடுத்தது. இரண்டு மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைச் சோதித்த டாக்டரம்மா, "ஒரு புற்றுச் செல்கூடக் கண்ணுல படல. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். மெக்கானிக் விக்கி விக்கி அழுதார். அவளும் அழுதாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வாரம் ஒப்புதல் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் கணவரின் சிகிச்சையில் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்.'

ஏற்பட்டதாம்! என்னவோ மழை பெய்த மாதிரி.

அந்தச் சொல்லை அடித்து, மேலே 'நாங்கள் ஏற்படுத்திய' என்று எழுதி அவர்களுக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அன்று பேருந்தை எடுத்தாள்.