கமராவுக்குத் தகப்பன் பெயர் எதற்கு

கமராவை விற்பது என்று முடிவெடுத்ததும் கோபிகா முதலில் செய்த வேலை தன் பெயரை ஒளித்ததுதான்.

ஒரு பெட்டை பேஸ்புக்கில் எதையாவது விற்கப் போட்டால் என்ன வந்து சேரும் என்பது அவளுக்குத் தெரியும். பழைய சைக்கிளை விற்கப் போட்ட சிநேகிதி ஒருத்திக்கு நாற்பது பேர் எழுதினார்கள். அதில் சைக்கிளைப் பற்றிக் கேட்டவர்கள் மூன்று பேர். ஆகவே தமையன் சயந்தனின் கணக்கைத் திறந்துகொண்டாள். சயந்தன் கடற்றொழிலுக்குப் போகிறவன். அவன் பக்கத்தில் இருந்தவை இரண்டே வகைப் படங்கள்: பெரிய மீன்கள், பெரிய மீன்களோடு சயந்தன். நடுவிலே திடுமென ஒரு கமரா வந்து குந்தியதும் கூட்டாளிமார் கீழே எழுதத் தொடங்கிவிட்டார்கள். "மச்சான், கணவாய்க்குப் பாஸ்போட் படம் எடுக்கவோ?"

"என்ரை மானம் போகுது" என்றான் சயந்தன். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"உன்ரை மானத்துக்கு நான் எத்தினை நாள் வாடகை கட்டோணும்?"

"வித்த பிறகு ஒரு கொத்துரொட்டி வாங்கித் தா, அது மட்டும். காணும்."

அது அவள் சொந்தக் காசில் வாங்கிய கமரா. அந்த வீட்டில், ஏன் அந்த ஒழுங்கையிலேயே, பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் கோபிகா. ஊரார் வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். வேலை வரவில்லை. இரண்டு வருடம் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் பிறந்தநாளுக்கும், பெண் பிள்ளை பெரியவளான சடங்கு நடக்கும் சாமத்தியவீட்டுக்கும் படம் எடுத்துத்தான் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள். "பட்டதாரி படம் எடுக்குதாம்" என்று சிரித்தவர்களுக்கும் அவள்தான் படம் எடுத்துக் கொடுத்தாள், கூலியில் ஒரு சதமும் குறைக்காமல்.

இப்போது கொழும்பில் ஒரு நிறுவனம் வேலை தந்திருந்தது. திங்கட்கிழமை போய் நிற்கவேண்டும். அங்கே வெள்ளவத்தையில் பார்த்து வைத்திருந்த அறைக்கு மூன்று மாத முற்பணம் தொண்ணூறாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் காசு வராவிட்டால் அறையை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அப்பா நாகலிங்கத்தின் படகு இயந்திரம் பழுதாகிக் கரையில் கிடந்தது. அந்த வீட்டில் கோபிகாவுடையது என்று சொல்லி விற்கக்கூடிய பொருள் அந்தக் கமரா ஒன்றுதான். ஒரு லட்சத்துப் பதினையாயிரம் என்று போட்டாள். நாற்பத்தோராயிரம் படம் எடுத்தது, அடிப்பக்கத்தில் ஒரு கீறல் என்றும் எழுதினாள். வீடியோ எடுத்தால் இருபது நிமிடத்தில் சூடேறி நின்றுவிடும் என்பதை எழுதவில்லை.

"அதை எழுதினா ஒருத்தனும் வரமாட்டான்" என்று சயந்தன் சொல்லியிருந்தான். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கமராவோடு இருந்த பெரிய லென்ஸ் இரண்டு மாதத்துக்கு முன்பே போய்விட்டது. அதையும் ஒன்லைனில்தான் விற்றாள். வாங்கியவன் யதுசன் என்று ஒருவன். வாயைத் திறந்ததுமே, தான் வல்வெட்டித்துறைதான், இப்போது இருப்பது யாழ்ப்பாணத்தில் என்றான். எந்த ஒழுங்கை, தாய்மாமன் யார், கோயில் திருவிழாவில் எத்தனையாவது நாள் அவர்களுடைய உபயம், எல்லாவற்றையும் கேட்க முதலே ஒப்புவித்தான். அம்மா நாகேஸ்வரி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அது எங்கடை சனமடி, தம்பிஐயாவின்ரை பகுதி, பயமில்லை" என்று முத்திரை குத்தினாள். வங்கியில் காசு போட்டதாக ஒரு துண்டின் படம் வந்தது. கோபிகா லென்ஸைச் சாரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வது அதுதான். மருந்திலிருந்து மாம்பழம் வரை பஸ்ஸில்தான் போகும், போய்ச் சேரும். லென்ஸும் போய்ச் சேர்ந்தது. காசுதான் வரவில்லை. ஊர்ப் பெரியவர் தம்பிஐயாவிடம் போய்க் கேட்டபோது, யதுசன் என்று தங்களுடைய பகுதியில் யாருமே இல்லை என்றார்.

ஆகவே இந்த முறை சட்டம் கடுமை. துண்டு வேண்டாம், பஸ் வேண்டாம். ஆள் நேரில் வரவேண்டும், காசு கையில் வரவேண்டும்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் வந்தவர்கள் எல்லாம் "கடைசி விலை?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். ஒருவன் கமராவுக்கு மாற்றாக இரண்டு ஆட்டுக்குட்டி தருவதாக எழுதினான். புதன்கிழமை காலைதான் 'தனிவழி' என்ற பெயரில் ஒரு கணக்கிலிருந்து செய்தி வந்தது. முகம் இல்லை, ஊர் இல்லை. படத்துக்கு ஒரு பூனை.

ஆனால் கேட்ட கேள்விகள் வேலை தெரிந்த ஆளின் கேள்விகள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, உள்ளே தூசி இருக்கிறதோ பார்க்க. வாங்கிய பில் இருக்கோ? பற்றரி ஒன்றோ இரண்டோ? கோபிகா சயந்தனாகவே நின்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். பின்னேரம், "சரி அண்ணை. விலையும் சரி. நாளைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முன்னாலை சந்திப்பம். காசாத் தாறன்" என்று வந்தது.

ஒரு சதம்கூடக் குறைக்கச் சொல்லவில்லை என்று கோபிகா அம்மாவிடம் சொன்னாள்.

"விலை பேசாமல் வாங்கிற ஆள் வாங்கிற ஆளில்லை" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. "பஸ் நிலையத்திலை பறிச்சுக்கொண்டு ஓடினா? ஆர் எவர் எண்டு கேள் பிள்ளை."

கோபிகா எழுதினாள்: "எந்த இடம் நீங்கள்?"

"யாழ்ப்பாணம்தான் அண்ணை."

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

பிறகு: "டவுனுக்கு வந்து வாங்கிறன் அண்ணை. வீட்டுக்கு வரச் சொல்லேல்லையே."

"அப்பான்ரை பேர் என்ன?"

அம்மா சோறு வடித்து முடித்துவிட்டாள். அப்புறம்தான் வந்தது: "கமராவுக்கு அப்பான்ரை பேர் என்னத்துக்கு? இந்தக் கேள்விக்குப் பிறகு என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும். உங்கடை கமரா வேண்டாம் அண்ணை. வேறை ஆருக்கும் குடுங்கோ."

"பாத்தியோ, சொல்லப் பயம். அப்பிடியெண்டா ஏதோ இருக்கு" என்றாள் அம்மா.

"என்ன இருக்கு?"

"என்னவோ இருக்கு."

கோபிகா கைபேசியைப் பாயில் எறிந்தாள். திமிர் பிடித்ததுகள், நாளைக்கு வியாழன், இனி எவன் வரப்போகிறான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள். கழுவியும் அம்மாவின் அந்த 'என்னவோ' போகவில்லை.

பல்கலைக்கழக விடுதியில் முதல் கிழமை. பக்கத்துக் கட்டில்காரி நன்றாகத்தான் சிரித்தாள். எந்த இடம் என்று கேட்டாள். வல்வெட்டித்துறை. வல்வெட்டித்துறையில் எவடம்? சொன்னாள். அப்பாவின் பெயர் என்ன, என்ன செய்கிறார்? அதையும் சொன்னாள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை தன் தண்ணீர்ப் போத்தலில் தன் பெயரை எழுதி ஒட்டி வைத்திருந்தது. சண்டை இல்லை, ஒரு கெட்ட சொல் இல்லை. போத்தலில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நான்கு வருடமும் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் கோபிகா படித்தாள். அந்தக் கோபத்தில்தான் படித்தாள் என்றும் சொல்லலாம்.

எந்த இடம். எவடம். அப்பாவின் பெயர். அதே மூன்று கேள்வி, அதே ஒழுங்கு. ஒன்றைக்கூட மாற்றாமல் அல்லவா அவள் கேட்டிருக்கிறாள்! அந்த மூன்றுக்கும் கேட்க முதலே மறுமொழி சொன்ன யதுசன் லென்ஸோடு போனான். சொல்ல மறுத்த ஆள் கேட்டதெல்லாம் பற்றரி எத்தனை என்றுதான்.

உள்ளே வந்து கைபேசியை எடுத்தாள். எழுதினால் மறுபடியும் சயந்தன்தான் எழுதுவான். இதைச் சயந்தன் சொல்ல முடியாது. குரல் பதிவை அழுத்தினாள்.

"நான் அண்ணை இல்லை. இது என்ரை அண்ணான்ரை கணக்கு. என்ரை பேர் கோபிகா, கமரா என்ரை. என்னட்டையும் உந்தக் கேள்வியள் கேட்டிருக்கினம், எனக்கு விசர் வந்தது. அதையே உங்களிட்டைக் கேட்டுப்போட்டன். பிழைதான். நீங்கள் வாங்கினாலும் சரி, விட்டாலும் சரி. நீங்கள் வாறதெண்டா நாளைக்குப் பத்து மணிக்கு நானும் வருவன்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. முகம் தெரியாத ஒருவனுக்குத் தன் பெயரையும் குரலையும் கொடுத்தாயிற்று.

"நீ சரியான விசரி" என்றான் சயந்தன். "அவன் இனி விடியவிடிய குட்மோனிங் அனுப்பப்போறான்."

கால் மணித்தியாலம் கழித்துக் குரல் பதிவு ஒன்று திரும்பி வந்தது. சயந்தனும் குனிந்து கேட்டான். பெண் குரல்.

"அக்கா... நான் நீங்கள் ஒரு அண்ணையெண்டு நினைச்சு எவ்வளவு பயந்தனான் தெரியுமோ? வீடு எங்கை, அப்பா ஆர் எண்டு ஒரு ஆம்பிளை கேட்டா நான் என்னெண்டு நினைக்கிறது? பத்து மணிக்கு வாறன். நான் நிவேதனா."

சயந்தன் எழும்பி வலைப்பக்கம் போய்விட்டான்.

வியாழன் காலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கூல்பாரில் நிவேதனா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பார்த்த கதிரை, கைப்பை மடியில், பையின் வார் கையில் இரண்டு சுற்று. கோபிகா உள்ளே வந்து தானும் வாசலைப் பார்த்த கதிரையில்தான் இருக்கப் பார்த்தாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே பக்கமாக, பஸ்ஸில் இருப்பதுபோல இருந்தார்கள். நிவேதனாவுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ஒரு ஸ்ரூடியோவில் மூன்று வருடம் வேலை செய்தவளாம்.

"என்ன வேலை?"

"குடை பிடிக்கிறது, வயர் சுத்திறது. படத்திலை பருவை அழிக்கிறது" என்றாள். "சாமத்தியவீட்டுக்குப் பொம்பிளைப் பிள்ளை வந்து எடுத்தா நல்லமெண்டு எல்லாரும் கேக்கினம். முதலாளி ஒருக்கா என்னை அனுப்பினவர். அந்த வீட்டுக்காரர் எவடம் எண்டு கேட்டிச்சினம். சொன்னன். மற்ற எல்லாருக்கும் கோப்பையிலை தேத்தண்ணி. எனக்குக் கடதாசிக் கப்."

கோபிகா மேசையைப் பார்த்தாள்.

"அதுக்குப் பிறகு முதலாளியும் அனுப்பேல்லை. அதுதான், சொந்தமா ஒரு கமரா. பூனைப் படம் போட்டு நானே ஓடர் எடுப்பன். படம் பிடிச்சுதெண்டா பிறகென்ன எவடம்?" கமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். வேலை தெரிந்தவள் என்று அவள் பிடித்த விதமே சொன்னது. தெருவை எடுத்தாள், ஓடும் ஓட்டோவை எடுத்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள். கீறலை விரலால் தடவினாள். "நல்லா வைச்சிருக்கிறியள். எனக்குக் கூடுதலா வேண்டியது வீடியோதான். ஆராத்தி முழுக்க வெட்டாமல் எடுத்துத் தரச் சொல்லிக் கேப்பினம்."

பேசாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் காசு கைக்கு வரும். பின்னேரமே வங்கியில் போட்டுவிடலாம்.

"இருபது நிமிசத்திலை சூடாகி நிண்டுபோம்" என்றாள்.

"என்ன?"

"வீடியோ. இருபது நிமிசம்தான். பிறகு தானா நிண்டிடும். நான் போஸ்டிலை எழுதேல்லை."

நிவேதனா கமராவை மேசையில் வைத்தாள். முகத்தில் கோபம் இருந்தது, இருக்கவும் வேண்டும். "இதை நேற்றுச் சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"திருத்தலாமோ?"

"கேட்டனான். கொழும்புக்கு அனுப்போணுமாம். இருபதாயிரம் மட்டிலை போகும்."

நிவேதனா கைபேசியில் எதையோ தேடிப் பார்த்தாள். கடைப் பொடியன் இரண்டு பலூடாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. கோபிகா மனதுக்குள் வெள்ளவத்தை அறையை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை யன்னல் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டது.

"தொண்ணூற்றஞ்சு" என்றாள் நிவேதனா. "திருத்திற காசை நீங்கள்தான் சுமக்கோணும். பற்றரி ரெண்டும் வேணும். பையும்."

"பை என்ரை அம்மா தைச்சது."

"அப்ப பை வேண்டாம்."

"இல்லை, கொண்டுபோங்கோ. கொழும்பிலை எனக்கென்னத்துக்கு."

காசை நிவேதனா எண்ணிக் கொடுத்தாள், கோபிகா எண்ணி வாங்கினாள். ஒருத்தி எண்ணுவதை மற்றவள் குறையாக நினைக்கவில்லை. ஐயாயிரம் ரூபாத் தாள் ஒவ்வொன்றையும் கோபிகா வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோது நிவேதனா, "வடிவாப் பாருங்கோ" என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவள் கைப்பையிலிருந்து ஒரு கோடிட்ட தாளை எடுத்து வைத்தாள்.

"ஒரு துண்டு எழுதித் தாங்கோ அக்கா. நாளைக்கு ஆரும் களவெடுத்த கமரா எண்டு சொன்னா என்னைத்தான் பொலிஸ் பிடிக்கும். ரெண்டு பேரின்ரை ஐடிகாட் நம்பரும் போடுவம்."

நியாயமான கேள்வி. கோபிகா எழுதினாள்: நாகலிங்கம் கோபிகா, வீட்டு இலக்கம், ஒழுங்கை, வல்வெட்டித்துறை. ஒன்றையும் விடவில்லை. கமராவின் இலக்கத்தை அடியிலே பார்த்து எழுதினாள். சூடேறும் குறையையும் எழுதினாள்.

நிவேதனா தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. பெருவிரல், பெயர் இருக்கும் வரியின் முன்பாதியை மூடிக்கொண்டு நின்றது. தகப்பனின் பெயர் இருக்கும் இடம். அவள் அதை வேண்டுமென்று செய்தாளோ, பழகிப்போன கையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோபிகா இலக்கத்தை மட்டும் பார்த்து எழுதினாள்.

"பேர் என்னெண்டு போட?"

"நிவேதனா."

நிவேதனா என்று எழுதினாள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றும் இல்லாமல், வரியின் நடுவில். கீழே கையெழுத்து வைத்துத் தாளைத் தள்ளிவிட்டாள்.

"இது காணுமோ அக்கா? பொலிஸுக்கு?"

"நம்பர் இருக்கு. காணும்."

நிவேதனா தாளை வாசித்தாள், ஒருக்கால் அல்ல, இரண்டு தரம். மடித்தாள். பிறகு அட்டையிலிருந்து விரலை எடுத்தாள், அவசரமில்லாமல், அட்டையை அப்படியே மேசையில் விட்டுவிட்டுக் கமராவைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். கோபிகா அதற்குள் திரும்பிக் கடைப் பொடியனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பலூடாவுக்கு எவ்வளவு என்று கேட்க.