கதவு வரை பதினோரு அடி

என் சகலை நல்லவன். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எட்டு வருடங்களுக்கு முன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் நான்தான் அவனை ஸ்டூடியோவில் சேர்த்துவிட்டேன். எங்கள் வேலை படங்களுக்குச் சத்தம் போடுவது. திரையில் யாராவது நடந்தால் அந்தக் காலடி பெரும்பாலும் அவருடையது இல்லை, எங்களுடையது. படத்தைப் பார்த்துக்கொண்டே மைக்குக்கு முன்னால் பலகையில் நடப்போம், மணலில் நடப்போம், ஜல்லி நிரப்பிய பெட்டியில் நடப்போம், தண்ணீர்த் தொட்டியில் இறங்கி நடப்போம். நான் அவனுக்குக் குதிகாலை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே வருடத்தில் கதாநாயகர்கள் எல்லாம் அவனிடம் போய்விட்டார்கள். எனக்கு வில்லன்களும் அடியாட்களும் மிஞ்சினார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அவன் வந்தால் என் மாமியாருக்கு முழங்கால் வலி பறந்துவிடும். என் மகள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு "சித்தப்பா" என்று அவனிடம் ஓடுவாள். "அவரு கை வச்சா ரிப்பேரான மிக்ஸிகூட சொன்ன பேச்சு கேக்குது," என்பாள் என் மனைவி. எதையாவது தட்டிவிட்டான், யாரிடமாவது எரிந்து விழுந்தான் என்று ஒரு செய்தி வராதா என்று எட்டு வருடங்களாகக் காத்திருக்கிறேன். வந்தபாடில்லை.

ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்த டைரக்டர், இந்தப் படத்துக்கு ஒரே ஆள்தான் சத்தம் போட வேண்டும் என்றார். டைட்டிலில் தனியாகப் பெயர் போடுவாராம். பத்தொன்பது வருடங்களாக என் பெயர் 'மற்றும் குழுவினர்' என்பதற்குள்தான் கிடக்கிறது. எங்கள் இருவரில் யார் என்று அன்றே முடிவு செய்யப்போவதாகச் சொல்லி ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார்.

நீளமான ஒரு நடைவழி. கோடியில் குளிர்பதனக் கிடங்கின் இரும்புக் கதவு. உள்ளே ஒருவன் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனுடைய உயிர் நண்பன் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடப் போகிறான். முகத்தைக் காட்டவே இல்லை. சுவரில் நிழல் மட்டும். கதவு வரை பதினோரு அடி எடுத்து வைக்கிறான்.

"இவன் கெட்டவன் இல்ல. கெட்டது பண்ணப் போறான். அது நடையில தெரியணும்," என்றார் டைரக்டர்.

என் கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "என்ன சார் இது, வரும்போதே மீசைய முறுக்கிட்டு வர்றான்?" சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தான். அடுத்து சகலை தன் பழைய பழுப்பு ஷூவில் நடந்தான். அந்த ஜோடியின் தேய்ந்த அடித்தோல் மெத்தென்று விழும். அப்படி ஒரு சத்தம் வேறு எதிலும் வராது. டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "கிட்ட வந்துட்டீங்க. ஆனா கதவத் திறந்துவிடப் போறவன் மாதிரி இருக்கு. சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை பாப்போம்."

கிட்ட வந்துட்டீங்க. அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். சகலை எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தான். பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஒலிப்பதிவு அறைக்குத் திரும்பினேன். பதிவு நடக்கும்போது வாசலில் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்த பல்பு போய் ஒரு வாரமாகிறது, அது எனக்கும் தெரியும். தெரிந்தும், விளக்கு எரியவில்லையே என்று உள்ளே போனேன்.

பூட்ஸைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. ஓரமாகக் கம்பளத்தின் மேல் போயிருக்கலாம். பத்தொன்பது வருடப் பழக்கம், கால் தானாக மைக்குக்கு முன்னால் இருக்கும் பலகையில் ஏறிவிட்டது. பாதியில் நின்றேன். இவன் என் மகளுக்குச் சித்தப்பா, என்ன காரியம் இது என்று தோன்றியது. இரண்டடி திரும்பினேன். அப்போது பார்த்து 'கிட்ட வந்துட்டீங்க' காதில் விழுந்தது. அதன் பிறகு நிற்கவில்லை. சகலை அலமாரியில் கழற்றி வைத்திருந்த பழுப்பு ஷூவை எடுத்து ஜல்லிப் பெட்டிக்குள் புதைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். பசித்தது என்பதுதான் கேவலம்.

சாப்பிட்டு வந்ததும் சகலை செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஷூவைத் தேட ஆரம்பித்தான். "இங்கதான வச்சேன்?" நானும் கூடவே குனிந்து தேடினேன். அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க. யாரு லஞ்ச்ல உள்ள போனது?"

ஆளில்லாத அறையின் அமைதியையும் நாங்கள் பதிவு செய்து வைப்போம். வசனங்களுக்கு நடுவே அடியில் ஓடவிட அது வேண்டும். வழக்கமாகக் காலையில், யாரும் வருவதற்கு முன் இன்ஜினியர் அதைப் பிடித்துவிடுவான். அன்று அவன் தாமதமாக வந்ததால் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை ஓடவிட்டுப் போயிருக்கிறான்.

பதிவை ஓடவிட்டான். கனத்த பூட்ஸ். ஆறு அடி. நின்றது. பலகை லேசாக முனகியது. இரண்டு அடி பின்னால். ஒரு மூச்சு. பிறகு விறுவிறுவென்று ஐந்தாறு அடி. கடைசியில் அலமாரி கிறீச்சிட்டது, ஜல்லி சரிந்தது.



டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இதான்! இதத்தான் ரெண்டு மாசமா தேடுறேன். திரும்பிப் போகப் பாக்குறான், பாருங்க! படத்த இதுக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கிறேன். யாரு நடந்தது?"

நான் என்று சொன்னால் படம் எனக்கு. அடுத்த கேள்வி, ஜல்லிப் பெட்டியில் உனக்கு என்ன வேலை என்பதுதான். சொல்லாவிட்டால், என் வாழ்நாளில் நான் உருப்படியாக நடந்த ஒரே நடை அநாதையாகப் போய்விடும்.

சகலை என் பூட்ஸைப் பார்த்தான். தன் வெறுங்காலைப் பார்த்தான். காலடியைக் கேட்டே தெருவில் யார் போகிறார்கள் என்று சொல்லக்கூடியவன் அவன்.

"அண்ணன்தான் சார்," என்றான். "லஞ்ச்ல தனியா ஒரு தடவை நடந்து பாக்கணும்னு காலைலயே சொன்னாரு."

"அப்ப அந்த ஜல்லி?"

"எதையாவது தட்டியிருப்பாரு. உள்ள இருட்டு சார்."

டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எனக்கு என்றார். டைட்டிலில் தனிப் பெயர்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது அண்ணே? உங்க நடைதான அது." ஜல்லிப் பெட்டியிலிருந்து ஷூவை எடுத்து வந்திருந்தான். தூசியைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டான். "வீட்ல சொல்ல மாட்டேன். நல்லா வந்திருந்துச்சு அண்ணே. எனக்குச் சத்தியமா அப்படி நடக்க வராது."

குத்திக்காட்டுகிறானா? அவன் முகத்தையே உற்றுப் பார்த்தேன். கண்ணில் தேடினேன், உதட்டோரத்தில் தேடினேன். ஒரு சின்ன இளக்காரம், ஒரு துளி வன்மம், உன்னைக் கையில் வைத்திருக்கிறேன் என்கிற ஒரு மிதப்பு. ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால் அவனைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன்.

ஒன்றும் இல்லை. பாவி, குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.