மெஹபூப் பீக்குத் தெரிந்திருந்தது

இரண்டு ரம்ஜான் எனக்கு நோன்பு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலிலும் இல்லை, அறுபத்தைந்திலும் இல்லை. மாதத்தில் இருபது நாள் உதிரம் போனால் நோன்பு ஏது, தொழுகை ஏது?

"சுத்தமில்லாம ஓதுற கிதாபைத் தொடாத கமரு, பாவம்" என்று சொன்னவள் என் கூடப்பிறந்த அக்கா மெஹபூப் பீ. மார்க்கச் சட்டமெல்லாம் தெரிந்தவள். நம்பினேன். நான் கையேந்திக் கேட்கும் துஆவில் முதல் பெயர் எப்போதும் அவளுடையதுதான். செஞ்சியில் எந்த வீட்டில் பெண்கள் நபியின் புகழ்பாடும் மௌலூது ஓதினாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது என் இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். எனக்காகத்தான் ஓதுகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

போன வாரம் மயங்கி விழுந்தேன். என் வீட்டுக்காரர் ஹுசைன் என்னைப் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கர்ப்பப்பையில சாத்துக்குடி அளவுக்கு சதைக்கட்டி. அதனாலதான் இவ்ளோ ரத்தம். புற்று இல்ல, பயப்படாதீங்க, எடுத்துடலாம். அம்மா, அக்கா யாருக்காவது இருந்துச்சா?"

"இல்லீங்க" என்றேன். ஆறு வருஷத்துக்கு முன் அக்காவுக்கும் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஆனால் அது கல் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள்.

ஊர் திரும்பியதும் ஹுசைன் துஆ கேட்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனார். முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"உன் வழக்கமான நாள் போக மிச்சமெல்லாம் நோய் ரத்தமாம். வேளைக்கு வேளை கைகால் கழுவி ஒளு செஞ்சிட்டுத் தொழலாமாம், நோன்பும் வைக்கலாமாம். உங்க மெஹபூப் பீக்கு இதே கட்டி வந்தப்பவே சொல்லி அனுப்புனேனே, அவங்க சொல்லலையான்னு கேக்குறாரு."

ஆபரேஷனுக்கு முந்தின அந்த நாட்களில் அக்கா ஒரு வேளைத் தொழுகையை விட்டதில்லை. அவள் ஒளு செய்ய நானே தண்ணீர் மொண்டு ஊற்றியிருக்கிறேன்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"தெரிஞ்சிக்கினே ஏன்க்கா சொல்லல?"

அக்கா நிமிராமலே சொன்னாள். "நீ இருக்கசொல்ல என்னை யாரு ஓதக் கூப்டாங்க?"

"கட்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே. ரத்தம் போயே செத்திருந்தா?"

இந்த மாதம் என் வழக்கமான நாட்கள் எப்போதோ முடிந்திருந்தன. அவள் குடத்திலிருந்தே தண்ணீர் மொண்டு ஒளு செய்தேன். அவள் பாயிலேயே, அவள் பார்க்க, சாயங்கால அஸர் தொழுதேன். கையேந்தியபோது புருஷன், பிள்ளைகள், அந்த டாக்டரம்மா வரை எல்லார் பெயரும் வந்தன. எப்போதும் முதலில் வரும் பெயர் மட்டும் வரவில்லை.