சடன் பிரேக்

டிரைவர் பிரேக் போட்டதும் பஸ் நின்றது, பயணிகள் நின்றார்கள், அவருடைய மனைவி மட்டும் நிற்கவில்லை. பஸ் வந்த அதே திசையில், முன்கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழாமல் வெளியே போய், பஸ் தரையின் உயரத்திலேயே சாலைக்கு மேலாகப் போய்க்கொண்டே இருந்தாள். குறுக்கே வெள்ளையாக ஏதோ ஓடியதைக் குழந்தை என்று நினைத்துத்தான் டிரைவர் காலை அழுத்தினார். காற்றில் உருண்டு வந்த வெறும் பிளாஸ்டிக் பை அது. அடுத்த ஸ்டாப்பில் இறங்குவதற்காக மனைவி எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஐந்து வயது மகள். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கு இருக்கிறது? பஸ் குலுங்கிய நொடியில் மகளின் கையை விட்டுவிட்டாள். மகள் பின்னால் இருந்த சீட்டில் போய் விழுந்து, அங்கிருந்தபடியே அம்மாவின் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். "கம்பியப் புடிச்சு நில்லுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிறேன், யாரு கேக்கறாங்க" என்று கண்டக்டர் வழக்கம்போல் ஆரம்பித்தார். பாதியில்தான் அவருக்கு அழுகை வந்தது.

டிப்போவிலிருந்து, லாரிகளை நிறுத்தி எடைபோடும் எடைமேடை வரை சாலை நேர்க்கோடு. அங்கே இடதுபுறம் வளையும். அம்மா வளையவில்லை. வயல்களுக்கும் கடலுக்கும் மேலாக நேரே போய், ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து, டிப்போவின் பின்சுவர் வழியாக ஊருக்குள் வந்தாள். உலகம் உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை ஊர் அன்றுதான் மனதார நம்பியது. தீயணைப்புக்காரர்கள் வலை கட்டினார்கள், மெத்தைக் கடைக்காரர் கடையிலிருந்த மெத்தைகளையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினார். இரண்டையும் கடந்து போய்விட்டாள். அவள் பக்கத்திலேயே அவள் வேகத்திலேயே பஸ்ஸை ஓட்டினால் மட்டும் அவளைத் தொட முடிந்தது. அப்படித்தான் ஒருமுறை வாசல் வழியாக உள்ளே இழுத்து, சீட்டில் உட்காரவைத்து, கயிற்றால் கட்டி, மடியில் மகளையும் உட்காரவைத்தார்கள். டிரைவர் பூவைத் தொடுவதுபோல் பிரேக்கைத் தொட்டார். பஸ் நின்றபோது கயிற்றின் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது, மகள் வெறும் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளை நிறுத்தப் பார்க்கவில்லை. பசியும் தாகமும் அம்மாவைத் துரத்திப் பார்த்துவிட்டுப் பின்தங்கிவிட்டன. வயது மட்டும் கூடவே ஓடி வந்தது.

அம்மா வரும் நாளில் அப்பாவின் பஸ் டிப்போ வாசலில் தயாராக நிற்கும். அங்கிருந்து எடைமேடை வரை அவளோடு ஒட்டியே போகும். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போவதால் பஸ்ஸிலிருந்து பார்த்தால் அம்மா நிற்பாள். மரங்களும் கடைகளும்தான் ஓடும். ஜன்னல் வழியாகவே மகளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள், பல் விழுந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள், வாடகை வீட்டுக்காரர் ஒழுகும் கூரையைச் சரிசெய்தாரா என்று அப்பாவைக் கேட்பாள். வழியில் எந்த ஸ்டாப்பிலும் பஸ் நிற்காததால் பயணிகள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு, மின்சாரம் எப்போது வரும் என்று விசாரிக்கிற தொனியில், "அம்மா எப்ப வர்றாங்க?" என்று மகளிடம் கேட்டுத் தங்கள் வேலையை அதற்கேற்ப வைத்துக்கொண்டார்கள். மகளுக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. அன்றைக்கு அம்மா கையை விட்டுவிட்டாள் என்பதே அது. பின்னல் முடிந்ததும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள்.

அறிவியல் டீச்சர் நிலைமம் பாடம் வந்தபோது வகுப்பையே சாலையோரம் கூட்டிவந்து நிறுத்தினார். வெளியிலிருந்து விசை எதுவும் தடுக்காதவரை ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும், அதோ பாருங்கள் என்றார். புவியீர்ப்பு மட்டும் ஏன் டீச்சர் அவங்களை விட்டுவைத்தது என்று ஒரு பெண் கேட்டதற்கு, அது அடுத்த பாடம் என்று நழுவினார். ஆனால் அடுத்த பாடம் வேறு. நீ சுவரைத் தள்ளினால் சுவரும் உன்னை அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளும் என்பது அது. படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு பின்னால் போகும் என்று டீச்சர் படம் போட்டுக்கொண்டிருந்தபோது, மகளுக்கு அப்பாவின் பழைய புலம்பல் ஞாபகம் வந்தது. பிரேக் போட்டபோது வேகமுள் நாற்பதில்தான் இருந்தது, உங்கம்மாவோடு சேர்ந்து போக மட்டும் நாற்பதுக்கு ஒரு பொட்டு மேலே வைக்க வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று அவர் கேட்காத ஆளில்லை. அந்த ஒரு பொட்டு எங்கிருந்து வந்தது என்று மகளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. அம்மா கையை விடவில்லை. மகள் சீட்டோடு இருக்கட்டும் என்று பின்னால் தள்ளியிருக்கிறாள். தள்ளியதற்கான தள்ளு அம்மாவை முன்னால் கொண்டுபோயிருக்கிறது. மகள் பெஞ்சிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வயிற்றுவலி என்று நினைத்து டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார்.

பின்னல் போடும் வயது போனது, அம்மாவின் தலை நரைத்தது, அப்பா ஓய்வு பெற்றார், மகள் அதே டிப்போவில் டிரைவரானாள். அவள் பிரேக் போட்டால் தூங்குகிறவர்களுக்கு பஸ் நின்றதே தெரியாது, ஸ்டாப்பைத் தவறவிட்டு அவளிடமே சண்டைக்கு வருவார்கள். அம்மா வரும் நாட்களில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார். முழங்கால் வலி முற்றிய வருடம் ஒருநாள் அவர் சொன்னார்:

"இந்தத் தடவ நான் உக்காரலம்மா. நடுவுல நிக்கிறேன், கம்பியப் பிடிக்கல. வளைவுக்கு முன்னாடி சடன் பிரேக் போட்டுடு."

"என்னப்பா பேச்சு இது."

"அவ்வளவு தூரம் அவ தனியாவே போறா. நான் போட்ட பிரேக்குதானே."

மகள் சரி என்றாள்.

அன்று பஸ்ஸில் வேறு யாரையும் ஏற்றவில்லை. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அப்பா நடுவில் நின்றார். ஜன்னலுக்கு வெளியே அம்மா அவரைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எடைமேடை தெரிந்ததும் அப்பா, "இப்பப் போடு" என்றார். மகள் போட்டாள். ஆனால் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அது மெதுவாக, மெதுவாக அழுத்தியது. பஸ் தானாகவே யோசித்து நின்றதுபோல் நின்றது. அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். அப்பா வைத்த கால் வைத்த இடத்தில், ஓர் அடிகூட முன்னால் போகாமல் நின்றிருந்தார். "நல்லா ஓட்டுறம்மா" என்றார். நின்ற பஸ்ஸில், அதற்குப் பிறகுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி அவர் கேட்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில், அம்மா எந்தக் கடல்மேல் இருந்தாளோ, வீட்டுக் கட்டிலில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவள் வரும்வரை உடலை வைத்திருக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மைதான். அம்மா வந்தபோது மகள் ட்யூட்டியில் இருந்தாள், பஸ் நிறையப் பயணிகள். டிப்போ சுவரைத் தாண்டிய உடனேயே சொல்லிவிட்டாள், அழுவதற்கு அம்மாவுக்குச் சாலை முழுவதும் இருக்கட்டும் என்று. அம்மா டிரைவர் ஜன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயணிகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கு நீ மெதுவாப் போட்டப்ப எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு" என்றாள் அம்மா. "அப்புறம் கடல் முடியற வரைக்கும் அழுதேன்."

"எனக்குத் தெரியும்மா."

எடைமேடை வந்தது. வளைவுக்கு அப்பால் ஸ்டாப்பில் ஆட்கள் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். அம்மா விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். மகள் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தாள். அம்மா நேராகப் போனாள்.