துக்கத்துக்குச் சொன்ன ஸாரி

காலையில் எழுந்ததும் கிளெண்டாவுக்கு விரல்கள் மடங்காது. கொக்கி மாதிரி விறைத்துக் கிடக்கும். குழாயில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அதற்குக் கீழே கைகளைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டி எழுப்ப வேண்டும். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் ஐஸ் தண்ணீருக்குள் கிடந்து மீன் அரிந்த கை அது. மணிக்கட்டில் தொடங்குகிற வலி, உள்ளே ஒரு கம்பியை விட்டு இழுக்கிற மாதிரி முழங்கை வரைக்கும் போகும். புருஷன் டெஸ்மண்ட் இருந்தவரை காலை டீயை அவன்தான் போடுவான். கோப்பையை அவள் கையில் கொடுக்க மாட்டான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, தன் கையால் மூடிப் பிடிப்பான். "புடிச்சுக்க கிழவி, உனக்கு டாக்டர் இதுதான்" என்பான். அவன் போய் ஏழு வாரம். இன்றைக்கு டீ போட்டது அவள். குடிக்க வந்திருந்தது கம்பெனி வக்கீல்.

ஆல்டர்சன் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. சமையலறை நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடலாம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

"டீ ரொம்ப நல்லாருக்கு, மிஸஸ் பிளான்சர்ட்."

"இன்னும் குடிக்கவே இல்லையே தம்பி."

அவன் காது சிவந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, அவள் பக்கம் திருப்பினான். இறுதிச் சடங்கு அன்று நெவில் பிராக்கல்பி என்பவர் என் கையைப் பிடித்து, நடந்த விபத்துக்குத் தானே காரணம் என்ற பொருளில் ஸாரி சொன்னார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

அதே ஃபேக்டரியில்தான் டெஸ்மண்டுக்கும் வேலை. அன்றைக்கு ஐஸ் உடைக்கிற மிஷினில் ஐஸ் சிக்கிக்கொண்டது. எடுத்துவிடுவதற்காக அவன் உள்ளே குனிந்தான். உள்ளே இறங்குகிறவன் தன் பெயர் எழுதிய அட்டையை சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். இரண்டு வருஷமாக அது இல்லை. அட்டை தேடுகிற நேரத்தில் ரெண்டு டன் மீன் போயிருக்கும் என்று மேஸ்திரி கத்தப்போய், அட்டைகள் எங்கேயோ ஒரு டப்பாவுக்குள் போய்விட்டன. டீ குடித்துவிட்டுத் திரும்பிய, கூட வேலை செய்கிற நெவில் சுவிட்சைப் பார்த்தான். அட்டை இல்லை. போட்டுவிட்டான்.

சுவிட்சைப் போட்டது யார் என்று சடங்கன்று கிளெண்டாவுக்குத் தெரியாது. மிஷின் தானாக ஓடிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தார்கள். தகனம் முடிந்து, கிளப்பில் பன்றிக்கறி வைத்த ரொட்டித் துண்டுகளை அடுக்கிவைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்தார்கள். வரிசையாக வந்தார்கள். ஸாரி கிளெண்டா. ஸாரி கண்ணு. ரொம்ப ஸாரி. இந்த ஊரில் கடையில் தோள் இடித்தாலும் ஸாரி, பால் தீர்ந்துபோனாலும் ஸாரி, ஒருவனுடைய காலை நாம் மிதித்தால் மிதிபட்டவனும் ஸாரி. புருஷன் செத்தாலும் அதே வார்த்தைதான், வேறு கிடையாது. அவளும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: "நீ என்ன கண்ணு பண்ணுவே." நெவில் வந்தபோது அவன் கை ஈரமாக இருந்தது. மற்றவர்கள் கையைத் தொட்டுவிட்டு விலகினார்கள், அவன் விடவில்லை. "ஸாரி, கிளெண்டா" என்றான். அவனிடமும் சொன்னாள். நீ என்ன கண்ணு பண்ணுவே. அவன் முகம் ஒரு மாதிரி போனது. பத்து நாள் கழித்து, பெல்ட்டில் பக்கத்தில் நின்று மீன் அரிகிற ஜாய்ஸ் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது.

"அவர் ஸாரி சொன்னதை நாலு பேர் கேட்டிருக்காங்க" என்றான் ஆல்டர்சன். "நீங்க உறுதிப்படுத்தினா போதும்."

"உங்க கம்பெனி எனக்கு எழுதின லெட்டர்ல ஸாரி இல்லையே. ரிக்ரெட்னுல்ல போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணுன்னா ஸாரின்னே போட்டிருக்கலாமே தம்பி. எழுத்துகூட கம்மி."

அவன் டீயைக் கையில் எடுத்தான். "ஸாரின்னா... தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ரிக்ரெட்டுன்னா?"

"இப்படி நடந்திருக்க வேண்டாமேங்கற வருத்தம்."

"ஓஹோ. ரயில் லேட்டுன்னா ஸ்டேஷன்ல மைக் வச்சு சொல்வாங்களே, அது." அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "நெவில் சொன்னது எந்த ஸாரி?"

"அனுதாபமா மன்னிப்பான்னு கேக்கறீங்க. அதை நீங்கதான் சொல்லணும், மிஸஸ் பிளான்சர்ட். வேற யாரும் சொல்ல முடியாது."

அது மன்னிப்புதான். அவளுக்குத் தெரியும். ஜாய்ஸ் சொன்ன நாளிலிருந்து ராத்திரி படுக்கையில் கிடந்து அந்த ஈரக் கையைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் சொன்ன ஸாரியில் அது ஒன்றுதான் அவளுக்கென்று வந்தது. டெஸ்மண்டை அவளிடமிருந்து எடுத்ததற்காக இந்த உலகத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வாய் திறந்திருந்தான். அதை அப்படியே சொல்லிவிட்டால் நெவில் கோர்ட்டுக்குப் போவான், ஜெயிலுக்கும் போகலாம். அட்டையை டப்பாவுக்குள் போட்டவன் ரிக்ரெட் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். துக்கத்துக்குச் சொன்னது என்று சொல்லிவிட்டாலோ, அவளிடம் யாருமே மன்னிப்புக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். அதில் அவளே கையெழுத்தும் போட்டிருப்பாள்.

தாளை அவன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"துக்கத்துக்குச் சொன்ன ஸாரி" என்றாள். "எல்லாரும் சொன்ன மாதிரி. எழுதிக்கோங்க."

"நிச்சயமாத்தானா?"

"புருஷனைப் பறிகொடுத்தவ நானு. நிச்சயமான்னு என்னைக் கேக்கறீங்களே."

அவன் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான். அவள் பேனாவை முஷ்டியில் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். கிளம்பும்போது குறுகலான நடையில் அவன் முழங்கை அவள் தோளில் இடித்தது. "ஓ, ஸாரி" என்றான்.

"பாத்துத் தம்பி. ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடப்போகுது."

மதிய ஷிஃப்டுக்கு அவள் போய் ஏப்ரன் கட்டுவதற்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. வக்கீல் ஆபீசுக்கு ஃபோன் பண்ணியிருப்பான், ஆபீஸ் பெண்கள் கேண்டீனில் கொட்டியிருப்பார்கள்.

"உனக்குப் பைத்தியமாடி?" என்றாள் ஜாய்ஸ். காட் மீனின் முதுகில் கத்தியை விட்டு ஒரே இழுப்பில் சதையைப் பிரித்தாள். "கையில சிக்கினவனை விட்டுட்டு வந்திருக்கே."

"சிக்கினது எப்பவும் நம்மாளுதாண்டி. அவனுங்க எங்க சிக்குறானுங்க?"

"பெரிய மாதா இவ. மெழுகுவத்தி ஏத்தணுமா உனக்கு?"

"ஏத்து. கையாவது சூடாகும்."

ஜாய்ஸ் சிரித்துவிட்டு, உடனே ரப்பர் கையுறையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டீ நேரத்துக்கு பெல்ட் நின்றதும் நெவில் வந்தான். மீன் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன், அதைப் பிடித்தபடியே நின்றான். பாதியாக இளைத்திருந்தான்.

"தேங்க்ஸ், கிளெண்டா."

"எதுக்கு?"

"நீ அன்னிக்கே சொல்லிட்டே. நான் என்ன பண்ணுவேன்னு. அந்த வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுதான் தூங்கறேன்."

அவன் அதை அப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. அவள் எல்லோருக்கும் கொடுத்த சில்லறையை அவன் மன்னிப்பென்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

"அன்னிக்கு எனக்குத் தெரியாது, நெவில். வந்தவங்க எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னேன்."

அவன் தொட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தான்.

"இப்பத் தெரியும்" என்றாள். "இப்பச் சொல்லு."

நெவில் வாயைத் திறந்தான். அவன் கண் மேஸ்திரியின் கண்ணாடி அறைக்குப் போய், ஜாய்ஸுக்கு வந்து, தரையில் இறங்கியது.

"யூனியன்ல சொல்லியிருக்காங்க. விசாரணை முடியற வரைக்கும்... அந்த ஒரு வார்த்தை மட்டும் யார்கிட்டயும் வாயில வரக்கூடாதுன்னு."

"என்கிட்டயுமா?"

"முக்கியமா உன்கிட்ட."

மணி அடித்தது. பெல்ட் ஒரு குலுக்குக் குலுக்கி ஓடத் தொடங்கியது. அவன் தொட்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனான். அடியிலிருந்து உருகிய ஐஸ் சொட்டி, அவன் போன வழியெல்லாம் தரையில் ஈரக்கோடு நீண்டது. கிளெண்டா அடுத்த மீனை இழுத்து வைத்தாள். நெவில் அவளுக்கு ஒரு ஸாரி தர வேண்டும். இன்னும் தரவில்லை.