பாறையோர நிரை

மார்கிரட் கங்காணியான நாளிலிருந்து மலையில் ஒருத்திக்கு மட்டும் கொழுந்து பறிக்கும் நிரை மாறவில்லை. அவளுடைய தங்கை ஜெனிதாவுக்கு.

வட்டகொடைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை ஆண்கள்தான் கங்காணிகள். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் யாருக்கு எந்த நிரை என்று அவர்கள் சொன்னால் அதுதான். வேண்டியவர்களுக்குக் கொழுந்து நிறைந்த நடு நிரை. வாய் திறக்காதவர்களுக்குப் பாறையோரம். அங்கே செடி குறைவு, வழுக்கல் அதிகம். பதினைந்து வருடம் அதைப் பார்த்தபடி கொழுந்து பறித்தவள் மார்கிரட். பொறுப்பு கைக்கு வந்த முதல் நாளே எல்லாருக்கும் நாளுக்கொரு நிரை என்று முறை வைத்தாள். தங்கையை மட்டும் பாறையோரத்தில் நிறுத்தினாள். சொந்தத்துக்குப் பார்க்கிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

ஜெனிதா ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மாதமாகக் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் பாறையில் சறுக்கி விழுந்தாள். வீங்கிய முழங்காலோடு பறித்தும் மாலை நிறுவையில் நாள் கணக்குக்கு மூன்று கிலோ குறைந்தது. குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். அடிபட்ட கால், முழுப்பேர் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார் எடை எழுதிய கணக்கப்பிள்ளை.

"கேப்பாங்க. அரைப்பேரே போடுங்க," என்றாள் மார்கிரட். சொல்லிவிட்டு, யார் யார் காதில் விழுந்தது என்று சுற்றிப் பார்த்தாள்.

கேட்டவள் ராசம்மா, கூட்டத்திலேயே மூத்தவள். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏம்புள்ள, ஒன்னைய ஞாயமானவன்னு நாங்க சொல்லணும். அதுக்கு அவ எதுக்குப் பாறையில ஏறணும்?"

லயத்து வீட்டுக்குப் போகும் பாதையில் ஜெனிதா முன்னால் நொண்டிக்கொண்டு போனாள். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். மார்கிரட் பின்னாலேயே நடந்தாள். பழைய கங்காணிகளும் வாய் திறக்காதவளைத்தானே அங்கே அனுப்பினார்கள் என்று நினைத்தபோது அவளுடைய நடை இன்னும் தளர்ந்தது.

மறுநாள் பெரட்டு முடிந்ததும், முழங்காலில் துணி கட்டிய ஜெனிதா வழக்கம்போலப் பாறைப் பக்கம் திரும்பினாள்.

"அங்க இல்ல, ஜெனிதா. நடு நெரை."

"அக்காவும் தங்கச்சியும் வீட்டுலயே பேசி முடிச்சிட்டாங்க போல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எட்டு மாதமாகப் பயந்த சொல் வந்தேவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை மார்கிரட் அப்படியே நின்றாள்.

"இனிமே அவளும் முறையிலதான், பாறையும் முறையிலதான். இன்னைக்கு ராசம்மா அக்கா."

"நல்லா வாயக் குடுத்தேன்," என்று முனகியபடி ராசம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

ஜெனிதா நடு நிரையில் நின்று பறித்தாள். அக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தேத்தண்ணி நேரத்திலும் தள்ளியே உட்கார்ந்தாள். மார்கிரட் கூப்பிடவில்லை.

கங்காணியான பிறகு அன்றுதான் மார்கிரட் முதல் தடவையாகப் பாறையோரம்வரை ஏறிப் போனாள். மண் சரிவில் கால் வைத்து வைத்துத் தேய்ந்த குழிகள் மேல்வரை வரிசையாக இருந்தன. எல்லாம் ஜெனிதாவின் குழிகள். ராசம்மா அவற்றில்தான் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.