அண்ணி கேட்ட ஹவுசிங்

என் அண்ணன் எனக்குக் கூடப்பிறந்தவர்தான். அதற்காக நடந்ததை மாற்றிச் சொல்ல முடியாது. அந்தக் கார் விஷயத்தில் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டடங்களுக்கு ஏசி போடும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. எந்த அறைக்கு எவ்வளவு காற்று போக வேண்டும், அதற்குத் தகரக்குழாய் எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். பதினாறு வருடமாக இதே வேலை. குழாய் குறுகினால் காற்று விறுவிறுவென்று போகும், ஆனால் ஒரு கட்டத்தில் முட்டும். அகலமானால் முட்டாது, ஆனால் சோம்பி நகரும். இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அண்ணன் கோட்டும் பேன்ட்டும் தைப்பவர். கையில் நல்ல சுத்தம். ஆனால் கார் என்றால் சாவி போடும் துவாரம் எங்கே என்பதோடு அவர் படிப்பு முடிந்தது. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்.

அண்ணிக்கு ஒரே ஒரு பைத்தியம், மலையேற்றக் கார்ப் போட்டி. ஒரு நாள் மட்டும் மலைப்பாதையை அடைத்து, அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். நான்கு கிலோமீட்டர், பதினோரு கொண்டையூசி வளைவு. தன் பழைய இரண்டு லிட்டர் காரில் அண்ணி மூன்று வருடம் ஏறினார். பதினேழாவது, பதினான்காவது, பன்னிரண்டாவது.

"இன்ஜினுக்கு மூச்சு பத்தலை" என்றார். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் டர்போ போட முடிவு செய்தார்.

டர்போ என்றால் என்னவென்று எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. இன்ஜினிலிருந்து சீறி வரும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். புகை வந்து சுற்றும் பக்கத்தில் நத்தைக்கூடு மாதிரி ஓர் இரும்புக் கூடு இருக்கிறதே, அதற்குப் பேர் டர்பைன் ஹவுசிங். டர்போ ஒன்றுதான், ஆனால் அதற்குச் சின்னதும் பெரியதுமாகப் பல ஹவுசிங் கிடைக்கும்.

"சின்னது போட்டா சீக்கிரம் சுத்த ஆரம்பிச்சிடும், ஆனா உச்சத்துல கொஞ்சம் மூச்சு முட்டும். பெருசு போட்டா உச்சத்துல பிச்சிக்கிட்டுப் போகும், ஆனா எழுந்திருக்கவே நேரமாகும். நேர் ரோட்டுல ஓடுறவனுக்குப் பெருசு சரி. எனக்கு வளைவுக்கு வளைவு வேகம் செத்துச் செத்துப் பொழைக்கணும். அதனால சின்னது."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். பிஸ்டனும் ராடும் எவ்வளவு தாங்கும், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்று எல்லாம். கடைசியில் ஒரே ஒரு தாளில் தட்டச்சு செய்தார். நானூறு குதிரைத்திறன் போதும், ஹவுசிங் அளவு பாயின்ட் ஆறு மூணு, மூவாயிரத்து நானூறு சுற்றுக்குள் முழு பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் முழு அழுத்தம், வந்தாக வேண்டும்.

இந்த வேலையில் பேர்போன ஒரு பட்டறைக்குப் போனோம். எதையும் குதிரைத்திறனில்தான் அளப்பார் என்பதால் முதலாளிக்குக் குதிரைக்காரர் என்று பட்டப்பெயர். பொத்தான் வாங்கும் கடை அந்த வழியில் இருந்ததால் அண்ணனும் கூட வந்தார். வந்தது வினையாயிற்று.

"சொல்லுங்க சார், வண்டி எதுக்கு ஓட்டுறீங்க?" குதிரைக்காரர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"மலையேற்றத்துக்கு. ஓட்டுறது நான்" என்றார் அண்ணி.

"ஓ, சூப்பர் மேடம். சார், எவ்வளவு பூஸ்ட் எதிர்பார்க்கறீங்க?"

அண்ணி தாளை நீட்டினார். அதை வாங்கி, படிக்காமலே, அண்ணனிடம் கொடுத்தார் அந்த மனுஷர்! அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும்? "எனக்கு இது தெரியாதுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ தாளை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து, "ம்... ம்..." என்று தலையாட்டினார். வேலைச் சீட்டில் அண்ணன் போன் நம்பரைத்தான் எழுதினார்கள். அண்ணி பேனாவை வாங்கித் தன் நம்பரைக் கீழே எழுதினார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. அண்ணி வேலை நன்றாக நடந்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கார் தயார் என்று அழைத்தார்கள், அண்ணனை. அன்றைக்கு அவருக்கு ஒரு கல்யாணக் கோட்டு வேலை. நானும் அண்ணியும் போனோம்.

பட்டறைச் சுவரில் அண்ணி காரின் டைனோ வரைபடம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. டைனோ என்பது காரை உருளைமேல் ஓடவிட்டு இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம். படத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் 487.

"நானூறு கேட்டீங்க. எண்பத்தேழு குதிரை இனாம் மேடம்!"

அண்ணி முகத்தில் சிரிப்பில்லை. வரைபடத்தின் இடதுபக்க ஓரத்தில் விரல் வைத்தார். "நாலாயிரத்தி ஐநூறுல இருந்துதான் கோடு ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ எங்க?"

"அது... பேப்பர்ல எடம் பத்தலை மேடம்."

அண்ணி குனிந்து போன் வெளிச்சத்தில் டர்போவைப் பார்த்தார். ஹவுசிங்கில் அளவு வார்ப்பிலேயே புடைத்திருக்கும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஒன்னு பாயின்ட் சைபர் ஆறு" என்றார், என்னிடம். பிறகு அவர் பக்கம் திரும்பினார். "நான் எழுதிக் குடுத்தது என்ன?"

"நீங்க கேட்டதைப் போட்டா டைனோல நானூறைத் தாண்டாது மேடம். எங்க பட்டறை பேரு என்னாகறது? ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

"நான் ஓட்டலை. நீங்க ஓட்டுங்க. மலைக்கு விடுங்க வண்டியை."

அண்ணி பக்கத்து சீட்டில், நான் பின்னால். முதல் வளைவில் இரண்டாம் கியரில் திரும்பிக் குதிரைக்காரர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் சளி பிடித்தவர் மாதிரி இருமியது.

"ஒன்னு. ரெண்டு. மூணு" என்று சத்தமாக எண்ணினார் அண்ணி.

நான்கு என்பதற்குள் பூஸ்ட் வந்து முதுகில் உதைத்தது. அதற்குள் அடுத்த வளைவும் வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தியதில் என் நெற்றி முன் சீட்டில் முட்டியது. வளைவுக்கு வளைவு இதே கதை. நான்காவது வளைவில் பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். ஆறாவதில் குதிரைக்காரர் ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

"இன்னும் அஞ்சு வளைவு பாக்கி இருக்கு சார்" என்றார் அண்ணி. "நானூத்தி எண்பத்தேழு குதிரை இருக்குன்னீங்க. அதுல ஒன்னையாவது வெளியில கூப்பிடுங்களேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைக் கேட்டா? சார் சரின்னு சொன்னதாலதானே போட்டோம்! போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் செஞ்சோம்."

"எந்த சார்?"

"உங்க சார்தான்."

அண்ணி இறங்கி வந்து ஓட்டுநர் கதவைத் திறந்து நின்றார். குதிரைக்காரர் எழுந்து இடம் மாறினார்.

வீட்டில் அண்ணன் வெட்டு மேஜையில் சாக்கட்டியும் கையுமாக இருந்தார். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பட்டறையில இருந்து போன் வந்துச்சா உங்களுக்கு?"

அண்ணன் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "வந்துச்சும்மா. பெருசா ஒன்னு போட்டா இன்னும் நல்லா வரும்னு சொன்னாரு. சாருக்குத் தெரியாததான்னு ரொம்ப மரியாதையாப் பேசினாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போடுங்கன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலை?"

"அன்னைக்கு நீ மீட்டிங்ல இருந்தே."

"ரெண்டு மாசமாவா மீட்டிங்?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணா, டர்போன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"ஏதோ வேகமாப் போறதுக்கு..." என்று இழுத்தார்.

அண்ணி மேஜைமேல் கிடந்த கோட்டுத் துணியைக் காட்டினார். "இந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கு மார்பு நாற்பதுன்னு எழுதி வச்சிருக்கீங்க. நாற்பத்தாறுல தைச்சுக் குடுங்களேன். பெருசா இருந்தா நல்லாத்தானே இருக்கும்?"

"அதெப்படிம்மா, தொளதொளன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்" என்றார்.

"இல்லைங்க. அது நல்லதா கெட்டதான்னு நீங்க நெனைக்கவே இல்லை. ஒருத்தர் சார்னு கூப்பிட்டாரு, நீங்க சார் ஆயிட்டீங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அது வாயில வரலை." அண்ணி அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "நாளைக்கு எங்கூட வந்து அதை அங்க சொல்லுங்க."

மறுநாள் மூன்று பேரும் போனோம். குதிரைக்காரர் அண்ணனைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார். "வாங்க சார்! மேடத்துக்கு நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். நான்கு மெக்கானிக்குகள் கையில் ஸ்பானரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் காரைப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க. அன்னைக்குத் தெரியாமத்தான் சரின்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு. அவங்க எழுதிக் குடுத்ததுதான் சரி."

சொல்லி முடித்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. பாவம் என்று தோன்றியது, தோன்றிய வேகத்திலேயே போய்விட்டது.

"அட விடுங்க சார், பெருந்தன்மையாப் பேசறீங்க" என்றார் குதிரைக்காரர், மறுபடியும் அண்ணனிடமே. "பாருங்க தங்கச்சி, சார் எவ்வளவு..."

"தங்கச்சி வேண்டாம்" என்றார் அண்ணி. "சுத்தி வளைக்கவும் வேண்டாம். வண்டி என் பேருல இருக்கு. தாள் நான் குடுத்தது. அதுல இருக்கறதைப் போடுங்க. போட்டி இன்னும் பன்னெண்டு நாள்ல."

"அந்த அளவு ஹவுசிங் இப்ப ஆர்டர் போட்டா வர்றதுக்கு ஒரு மாசமாகும் மேடம்."

அப்போது, மூத்த மெக்கானிக் ஒருவர், தாடியெல்லாம் நரைத்தவர், உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். ஒட்டிய டேப்கூடப் பிரிக்கப்படவில்லை. "மேடம் கேட்டது இதுதான். டர்போவோட சேர்ந்தே வந்துச்சு. அலமாரியில இருக்கு."

குதிரைக்காரர் அவரை முறைத்தார்.

"மேடம் கணக்கு சரின்னு நான் அன்னைக்கே இவர்கிட்டச் சொன்னேன்" என்றார் நரைத்தாடி.

அண்ணி நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. "அவர்கிட்டச் சொன்னீங்க. என் நம்பரும் அந்தச் சீட்டுல இருந்துச்சே?" என்றார் அண்ணி. அவர் தலை குனிந்தது.

பெரிய ஹவுசிங்கைக் கழற்றிச் சின்னதை மாட்ட ஒன்றரை நாள் ஆனது. பூஸ்ட் அமைப்பு முழுவதையும் புதிதாகச் சரி செய்ய இன்னும் இரண்டு நாள். அண்ணி அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். குதிரைக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. டைனோவில் ஏற்றியபோது உச்சம் நானூற்று நான்கு. மூவாயிரத்து முந்நூறிலேயே முழு பூஸ்ட். "ரெண்டாயிரத்துல இருந்து பிரின்ட் எடுங்க" என்றார் அண்ணி. எடுத்துக் கொடுத்தார்கள். தாளில் இடம் தாராளமாக இருந்தது.

போட்டியன்று நான் ஏழாவது வளைவில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். அண்ணியின் கார் வளைவுக்குள் நுழைந்து, திரும்பி, கால் வைத்த அடுத்த நொடி பிடுங்கிக்கொண்டு மேலே போயிற்று. என்னை அறியாமல் கத்திவிட்டேன். போன வருடத்தைவிடப் பத்தொன்பது நொடி குறைவு. ஐந்தாவது இடம்.

எல்லாக் காரும் ஏறி முடிந்ததும் நான் உச்சிக்குப் போனேன், அண்ணன் முன்பே அங்கே இருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குதிரைக்காரர் வந்தார். அண்ணி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார், இரண்டடி தூரத்தில். அவரைத் தாண்டிப் போய் அண்ணனிடம் கையை நீட்டினார் அந்த மனுஷர். "கங்கிராட்ஸ் சார்! நம்ம வண்டி கலக்கிடுச்சு!"

அண்ணன் கை கொடுக்கவில்லை. "ஓட்டினவங்க அங்க நிக்கறாங்க" என்றார். குதிரைக்காரர் அசடு வழிந்து, திரும்பி அண்ணியிடம் ஏதோ முணுமுணுத்தார். அண்ணி கையுறையைக் கழற்றாமலே தலையை மட்டும் அசைத்தார்.

இறங்கும்போது அண்ணன் முன் சீட்டில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பின்னால். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சந்தோஷமாம்மா?" என்றார்.

"சந்தோஷம்தான்."

"அப்ப கோபம் போயிடுச்சா?"

"போகலை" என்றார் அண்ணி, அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைத்துக்கொண்டே. "அது பாட்டுக்கு அது இருக்கு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.